சீனுவின் கடைசிச் சொல்

நவம்பர் 4, செவ்வாய். நகரி.
விடியலிலிருந்து தூறல். இந்த மழையில் தலைக்குக் குளித்தது மடத்தனம். முதுகு வரை முடி. மத்தியானம் ஆகியும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நைனா பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வராங்களா?" என்றார்.

வியாழன் சந்திரகிரியில் ஷூட்டிங். என் தனிப் பாட்டு, முதல் வீடியோ. பாதி எடுத்தாயிற்று. மீதிப் பாதிக்கு எடுத்துப் போக வேண்டியவை: கறுப்பு பூட்ஸ், இருமல் மாத்திரை, சார்ஜர். அசிஸ்டென்ட் டைரக்டர் மணி போன் செய்து மறுபடியும் சொன்னான்: "முடியில கை வச்சிடாதீங்க ப்ரோ. கன்டின்யூட்டி போயிடும்."

சாயங்காலம் ரிகர்சல். நாலாவது வரியின் கடைசி வார்த்தையை மறுபடி விட்டுவிட்டேன். பழக்கதோஷம். 'பார்டர் பசங்க' என்று நானும் சீனுவும் பாடிய காலத்தில் அதுதான் முறை. நான் தமிழில் ராப் அடித்துக்கொண்டு வருவேன், கடைசி வார்த்தையை அவன் பிடிப்பான், அந்த இடத்தில் நான் மூச்சு வாங்குவேன். எங்கள் முதல் பாட்டில் நான் 'ஒரே' என்று விட்டால், 'குரலு' என்று அவன் முடிப்பான். அவன் தெலுங்கில் அடிக்கும்போது கடைசி வார்த்தை எனக்கு. இப்போது பிடிக்க ஆள் இல்லை. சீனுவுக்குத் தொண்டையில் கேன்சர். குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் தனி ஆள். விரும்பிப் போன தனி இல்லை.

நவம்பர் 5, புதன்
புத்தூர் போனேன், சீனு வீட்டுக்கு. குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தான். கீமோவில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. என்னைவிட நீளமாக வைத்திருந்தவன். கழுத்து ஓட்டைக்கு மேல் வெள்ளைத் துணி. அது வழியாகத்தான் மூச்சு. பேச்செல்லாம் போனில் டைப் அடித்துத்தான். "பூட்ஸ் வாங்கிட்டியா?" என்று காட்டினான்.

அவன் மனைவி கௌரி காபி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள். "மொக்கு பாக்கி வச்சிக்கினு இருந்தா எப்டிண்ணா? ரெண்டு பேரும் சேந்துதான வேண்டிக்கினீங்க?"

வேண்டுதல் உண்மைதான். திருப்பதி மேடையில் எங்கள் பாட்டு ஏறினால் இருவரும் ஒன்றாக மலையில் மொட்டை. அதுவரை கத்தி படாது. மேடையும் ஏறினோம். அன்றைக்கே அவன் குரல் கம்மியது. அப்புறம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி.

சீனு டைப் அடித்தான்: "ஷூட்டிங் முடியட்டும். அப்பறம் போலாம்."

வாசல் வரை வந்து கௌரி மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர் கைய விரிச்சிட்டாருண்ணா. வர மாசம் மலை ஏற முடியுமான்னு கேட்டேன். தள்ளிப் போடாதீங்கன்னாரு."

ரயிலில் நிற்க இடம் கிடைத்தது. அழ இடம் கிடைக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்
கொட்டுகிறது. ஷூட்டிங் ரத்து. மறு தேதி மாசக் கடைசியில்தான். அதுவும் வானம் விட்டால்.

மதியம் தயிர்சாதம்.

நவம்பர் 7, வெள்ளி
மணியிடம் கேட்டேன், விக் வைத்துக்கொள்ளலாமா என்று.

"க்ளோஸப்ல காமிச்சிக் குடுத்துடும் ப்ரோ. டைரக்டர் வேற பையனை வச்சி மொதல்லேர்ந்து எடுப்பாரு. ஏற்கனவே ஒருத்தன் சுத்திட்டு இருக்கான்."

இந்தப் பாட்டு எனக்கு வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் பொய். இதை விட்டால் திரும்பவும் கல்யாண மண்டபம், டி.ஜே. பாக்ஸ், "அண்ணா குத்துப் பாட்டு போடுங்கண்ணா". அதுவும் எத்தனை நாளைக்கு?

சாயங்காலம் கௌரிக்கு போன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும். மொட்டை போடப் போவதாக மணிக்கு மெசேஜ் போட்டேன். நைனாவிடம் சொன்னேன். "மேல குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டுத் தறி ஓட்டப் போய்விட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு. திருமலை.
மழை இல்லை, பனி. கீழே ஜீப் ஏறும்போதே மணியின் மெசேஜ்: "வேற பையன் ஓகே ஆயிட்டான் ப்ரோ. சாரி." சீனு எட்டிப் பார்ப்பதற்குள் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மொட்டை போடும் கூடம். ஈரத் தரை, வரிசையாகத் தலைகள். எனக்கு முதலில். கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது; முடி எடுப்பவர் வாரித் தொட்டியில் போட்டார். சீனு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியது எனக்குத்தான்.

அவன் முறை. குல்லாவைக் கழற்றினான். கத்தி பட்டுக் காயம் ஆனால் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை கௌரி சொன்னாள். பிறகு மஞ்சப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். தலையணையில் கொட்டிய முடி. தினமும் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது.

"கீழ விழுந்தது செல்லாதும்மா. தலையிலேர்ந்து எடுக்கணும்" என்றார் முடி எடுப்பவர். ஒரு நிமிஷம் சீனுவைப் பார்த்தார். கவரிலிருந்து ஒரு கற்றையை எடுத்து அவன் வெறுந்தலையில் வைத்தார். தண்ணீர் தொட்டு ஒட்டினார். கத்தியைத் திருப்பி, கூர் இல்லாத பக்கத்தால் மெல்ல வழித்து எடுத்து, என் முடி கிடந்த தொட்டியிலேயே போட்டார். "கோவிந்தா" என்றார். கௌரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தரிசன வரிசை. போன்களைக் கொடுத்தாயிற்று. அதோடு சீனுவின் பேச்சும் போயிற்று. எனக்குப் பின்னால் நின்றவன் என் மொட்டையில் விரலால் தாளம் தட்ட ஆரம்பித்தான். எங்கள் முதல் பாட்டு. இந்த நிலையிலும் குறும்பு. முன்னால் நின்ற அம்மா திரும்பி முறைத்தாள். நான் அவன் காதோரம் மெதுவாகப் பாட்டைப் பிடித்தேன்:

தமிழ்ல திட்டுவோம்
தெலுகுல கொஞ்சுவோம்
எங்க கேட்டாலும்
எங்களுக்கு ஒரே...

நிறுத்தினேன். அவனுடைய இடம்.

உதடு அசைந்தது. கழுத்துத் துணி ஒரு தரம் உப்பி அடங்கியது. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டேன்.