செல்வி காலில் விழவில்லை

செவ்வாய், இரவு

பழைய சிரிப்பு நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதிவிட்டேன். காதல் கடிதம் வாட்ஸ்அப் ஆனது, ஜமீன் பங்களா பெருமாள்மலை ஹோம்ஸ்டே ஆனது. மகள் அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் கடைசிக் காட்சியை மட்டும் தொடவில்லை. இன்று ஒத்திகையில், மகளாக நடிக்கும் செல்வி விழ மறுத்துவிட்டாள்.

"கதையில பொய் சொல்லி மாப்பிள்ளை பாத்தது அப்பாதான். நான் எதுக்குண்ணே விழணும்?"

நாடகத்தில் அப்பாவாக நடிப்பவர் அவளைப் பெற்ற அப்பாவேதான், ஜீப் ஓட்டும் முருகேசன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். "அப்ப நான்தான் விழணும் போல" என்று குனிந்தார். செல்வி பதறிப்போய்ப் பிடிக்க, இருவரும் சேர்ந்து உருண்டார்கள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

நான் எழுதியதில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். என்ன சொல்வார்களோ. சொல்லட்டும். இந்த முடிவுதான் மேடையேறும்.