கியர் ஆயில் மாற்றியவன்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். முதலில் நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக. பிறகு நீ போய்விட்டாயே என்பதற்காக. இரண்டு காரணங்களும் போன ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துபோயின.

அன்று மீன் வாங்க உங்கள் குப்பத்துக் கரைக்கு வந்திருந்தேன். செங்கல்பட்டில் மீன் கிடைக்காமல் இல்லை. நீ இருந்த காலத்துப் பழக்கம், ஞாயிறு காலை என்றால் கை தானாக மாமல்லபுரம் சாலைக்கு ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுகிறது. போட்டுகள் கரையேறிக்கொண்டிருந்தன. உன் தம்பி இன்ஜினைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனான். அந்த இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயின் வாடை, உப்புக்காற்றோடு சேர்ந்து, அப்படியே மூக்கில் ஏறியது. வேறு யாருக்கும் அது வெறும் எண்ணெய் வாடைதான்.

இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு அவன் திரும்பினான்.

"வாங்க வாத்தியாரே! டேய், இன்ஜின் மேல ஒரு கோணியப் போட்டு மூடுங்கடா. சார் ஆயில் மாத்திடப் போறாரு."

வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், "அண்ணாத்த, என் பைக்கையும் ஒரு கை பாரு. பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்னு கீறேன்" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

உன் மனைவி கூடையோடு அங்கேதான் நின்றிருந்தாள். இருபது வருடம் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டவள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நம் இருவருக்கும் தெரிந்ததை நமக்குள்ளேயே ஒருமுறை முழுதாகப் பேசிக்கொண்டதில்லை. நீ பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரன். கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் அப்படித்தானோ என்னவோ, விடை தெரிந்துவிட்டால் வழியைக் காட்ட மாட்டீர்கள். இப்போது உன்னால் பேச்சை மாற்ற முடியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

பைக் விபத்தில் உன் இடது முழங்கால் மடங்காமல் போனபின், கல்லூரிக்கு வர நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்று பழையதாகக் கிடைத்தபோது ஊரே உன்னைப் பயமுறுத்தியது. ரிப்பேர் வந்தால் பார்க்க ஆள் கிடையாது, உதிரிபாகம் கிடையாது என்றார்கள். நீ வாங்கிவிட்டாய். முதல் நாள் கல்லூரி வாசலில் இறங்கி, கதவைச் சாத்தி, கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாயே, யார் தயவும் இல்லாமல் வந்த ஒரு மனிதனின் நிற்பு அது. என்னைப் பார்த்ததும், "இன்னா மச்சான், எப்டி கீது நம்ம ரதம்?" என்றாய்.

ரதம் அப்போதே நோயாளிதான். நிறுத்தத்திலிருந்து எடுக்கும்போது ஒரு கணம் யோசித்து, பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல ஒரு குதி. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெயை முந்தைய சொந்தக்காரர் ஒருமுறைகூட மாற்றியதில்லை. அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்க வேண்டியது கருகிய புளிக்குழம்பு நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாடை வேறு.

செங்கல்பட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். "தொடாதீங்க சார்," என்றார். "இத்தினி வருசம் மாத்தாத ஆயிலு. இப்ப மாத்தினா கியரு புடிக்காம பூடும். ஓடுறவரிக்கும் ஓட்டுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பழைய எண்ணெய் முழுவதையும் ஒரே மூச்சில் அலசித் தள்ளினால்தான் ஆபத்து. அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, தானாக வடிவதை மட்டும் வடியவிட்டு, வடிந்த அளவே புதியதை ஊற்ற வேண்டும். மிச்சம் உள்ளேயே இருக்கும். சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அதேபோல். மறுபடியும். கொஞ்சம் கொஞ்சமாகப் புதியது பழையதன் இடத்துக்கு வந்துவிடும். இதை ஒரு வேதியியல் ஆசிரியன் படித்துத் தெரிந்துகொள்வதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் படித்தவன் படித்ததைக் கையில் செய்தால் அது அதிகப்பிரசங்கித்தனம்.

என் வீட்டு வாசலில் வண்டியைச் சரிவுப் பலகை மேல் ஏற்றி அதைச் செய்தோம். நான் கீழே மல்லாந்து படுத்திருந்தேன். நீ பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை. வடிந்த எண்ணெயை நான் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தபோது, "டேய், ஆயில் மாத்றியா, டைட்ரேஷன் பண்றியா? சொட்டு சொட்டா வுட்டுனு கீற!" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. பிறகு வண்டியைத் திருக்கழுக்குன்றம் வரை ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, அப்புறம்தான் கம்பியை உருவினோம். இந்த எண்ணெய் சூட்டில் பெருகும். ஆறியிருக்கும்போது கம்பியில் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஊற்றினால் அளவு மீறி, உள்ளே நுரைத்துவிடும். இதை உன்னிடம் சொன்னேன். "மூணு வாட்டி சொல்லிட்ட மச்சான், எனக்குக் காலுதான் ஊனம், காது இல்ல" என்றாய். ஆகவே உனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது முறை மாற்றியபோது வடிந்ததே ஏறக்குறைய சிவப்பாக இருந்தது. குதி நின்றது. கடற்கரைச் சாலையில் நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கியர் மாறுவதே தெரியவில்லை. கோவளம் வரை போய்த் திரும்பும்போதுதான், "வெண்ண மாரி போவுதுடா" என்றாய். என் வாழ்க்கையில் என் கை செய்த வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்றால் அது ஒன்றுதான். துறைத்தலைவர் பதவியை எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள், அதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று சொல்லை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். போட்டு இன்ஜினுக்கான எண்ணெயைப் புது டின்னாக வாங்கி, பொட்டு வைத்து, பொரி கடலையோடு படைப்பீர்கள். படையல் முடிந்ததும் அந்த ஒரே டின்னிலிருந்து வீட்டிலுள்ள எல்லா எந்திரத்துக்கும் பங்கு. போட்டுக்கு, பைக்குக்கு, ஜெனரேட்டருக்கு, தையல் மிஷினுக்குக்கூட ஒரு சொட்டு. சாமிக்கு வைத்ததில் ஒன்றுக்கும் குறை வைக்கக் கூடாது. அந்த வருடம் கார் இருந்தது. உன் தம்பி பானட்டைத் திறந்தான். அண்ணன் வண்டியாயிற்றே, சொட்டோடு நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் கிளப்பிய, சூடேறாத வண்டியில் கியர்பாக்ஸின் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் மேல் கோட்டுக்குக் கீழே நின்றது. கோடு நிறையும்வரை ஊற்றினான். போட்டு எண்ணெயை. கியர்பாக்ஸுக்குள்.

நீ அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தாய். பாலத்தில் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை என்று. நான் வந்து கம்பியை உருவினேன். நுரை. கம்பி முழுக்கச் சோப்பு நுரைபோல. வாடையிலேயே தெரிந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்தாய்.

"பூஜ நேரத்துல வேணான்னு எப்டிடா சொல்றது?"

"அப்புறம் ஒரு வாரம் ஏன் ஓட்டின? அன்னைக்கே சொல்லியிருந்தா வடிச்சிருப்பேனே?"

"கொஞ்சூண்டு தான ஊத்தினான், ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

அன்றே வடித்தேன். பலனில்லை. உள்ளே கியரைப் பிடிக்கும் தகடுகள் எரிந்துபோயிருந்தன. செங்கல்பட்டு மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல சார், தொடாதீங்கன்னு" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான். உன் தம்பி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலைக்குள் குப்பம் முழுக்க அதுதான் பேச்சு.

நான் அவனிடம் உண்மையைச் சொல்லப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேணா மச்சான். அவன் படிப்ப வுட்டுட்டுக் கடலுக்குப் போனதாலதான் நான் வாத்தியாரு. அவன் கையால பூடுச்சின்னு அவனுக்குத் தெரிஞ்சா உள்ளுக்குள்ளயே செத்துடுவான். நீ செங்கல்பட்டுல கீற, உனக்கு இன்னா? ரெண்டு நாளு பேசுவானுங்க, வுட்டுடுவானுங்க."

விடவில்லை. விட மாட்டார்கள் என்று உனக்கும் தெரியும்.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். உன் தம்பி மகள் காதுகுத்தில், பந்தியில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அவன், "அண்ணன் ரதத்துக்குக் கருமாதி பண்ண புரோகிதரு இவுருதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இலையைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க. பேசாமல் இருந்திருக்கலாம் நீ. பேசாமல் இரு என்றுதான் நாம் ஒப்புக்கொண்டோம். சிரிப்பது அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உன்மேல் எனக்கிருக்கும் கோபத்தில் மற்றதெல்லாம் சில்லறை. இது ஒன்றுதான் முதல்.

காரை எடைக்குப் போட்டீர்கள். நீ பஸ்ஸுக்குத் திரும்பினாய். உயரமான படிக்கட்டு, மடங்காத முழங்கால், காத்திருக்கப் பொறுமையில்லாத டிரைவர். விழுந்தாய், இடுப்பு எலும்பு போயிற்று. படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நான் பார்க்க வரும்போதெல்லாம் உன் தம்பியோ மனைவியோ அறையில் இருந்தார்கள். ஒருமுறை அவர்கள் இல்லாதபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணு" என்றாய்.

சவம் எடுக்கும் முன் உன் தம்பி என் சட்டையைப் பிடித்தான். "நீ நோண்டாம இருந்திருந்தா வண்டி இன்னும் ஓடிக்கினு இருந்திருக்கும். எங்கண்ணன் பஸ்ல ஏறியிருக்காது." அத்தனை பேர் நடுவில், உன் தலைமாட்டில். உன் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் பதிலுக்காகத்தான் பார்த்தாள். நான் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அந்த மௌனத்தை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

பஸ் படிக்கட்டில் கால் தவறியது யாருடைய குற்றமும் இல்லை, எனக்குத் தெரியும். உன் தம்பி பக்தியோடும் பாசத்தோடும்தான் ஊற்றினான், அதுவும் தெரியும். ஆனால் உன் சாவு என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதை உன் மனைவி நம்புகிறாள். எனக்கு வயதாகிறது. அவள் மனதில் உன்னைக் கொன்றவனாக இருந்துகொண்டே நானும் போய்ச்சேர முடியாது.

ஆகவே இதை உன் பெயருக்கு, உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பப் போகிறேன். உறையை அவள்தான் பிரிப்பாள். படித்துவிட்டு உன் தம்பியிடம் காட்டுவாளோ, அடுப்பில் போடுவாளோ, அது அவள் பாடு. நீ அவனைக் காப்பாற்ற நினைத்தாய். இனி அந்தக் கணக்கை அவள் போடட்டும். அவனுக்கு வலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையே இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கடற்கரையில் நடக்கும்போது நீ என் வலது தோளைப் பிடித்து உன் எடை முழுவதையும் அதன்மேல் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை மணலில் இறங்கியதும் அந்தத் தோள் தானாகத் தாழ்ந்தது. யாரும் பிடிக்கவில்லை. போட்டுகளை எட்டும்வரை அப்படியே கோணலாகத்தான் நடந்திருக்கிறேன். சலித்துப்போய்விட்டது எனக்கு, உன்னைத் திட்டுவதும், திட்டிக்கொண்டே தாங்குவதும்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். யார் எழுதியது என்று அவளுக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும், அதற்காக அல்ல. பெயர் போட்டால் பதிலுக்குக் காத்திருப்பேன். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் தம்பிதான் வந்துவிட்டானோ என்று எழுந்து பார்ப்பேன். அவள் போன் செய்வாள் என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். உங்கள் வீட்டு வார்த்தைக்காக நான் காத்திருந்தது போதும். ஸ்டேஷன் பக்கம் போகும்போது தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன். கையெழுத்து இல்லாமல்.