தலைக்கு மேல ஒரு பட்டன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடுகளின் கூரைத் தகரம் படபடவென்று. மடுல்சீமை சிக்னல் வழக்கம்போல மோசம்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ப்ளைட். குவைத், வீட்டு வேலை, இரண்டு வருடம். சோறு இறங்கவில்லை அவளுக்கு. "மேல போய் விழுந்துட்டா?" இதே கேள்வி.

என் யூடியூப் சேனல் முழுக்க விமானம்தான். லயத்துக்கு மேலே எது போனாலும் ஓடிப்போய் எந்த விமானம் என்று ஆப்பில் பார்ப்பேன். நான் ஏறியதில்லை. நேற்று எவனோ கமெண்ட்: "பதுளை ஸ்டேஷனைத் தாண்டாத பைலட்." பிளாக்.

அக்காவுக்கு வகுப்பு. குலுக்கல் = காற்று, நம்ம ரோட்டுக் குழி மாதிரி. இறக்கை வளையும், உடையாது. மூச்சை மெதுவா விடணும்.

"பஸ்ல டிரைவர் மூஞ்சி தெரியும்டி. குடிச்சிருக்கானான்னு பாத்துட்டு ஏறுவேன். பயந்தா பெல்ல அடிச்சு எறங்கிக்குவேன். அங்க?"

என் வீடியோக்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"தலைக்கு மேல பட்டன் இருக்கும்க்கா. அமுக்குனா ஆளு வரும்."

ஜூலை 9, புதன்

பதுளை பஜார். வாந்தி மாத்திரை, தைலம், பெட்டிக்குப் பூட்டு.

அம்மா ரோதை முனி கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். தேயிலை ஃபேக்டரி மெஷின்களைக் காக்கிற சாமி. "ப்ளேனும் மெஷினுதான?" நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

குவைத்துக்கு அனுப்புகிற ஏஜென்ட் அக்காவுக்குப் போன்: "பயம் கியம்னு ப்ளேன்ல அழுது வைக்காத தங்கச்சி. எறக்கி விட்டுருவாங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல."

அவனுக்கு அக்காவும் ஒரு பார்சல்.

ஜூலை 11, வெள்ளி

வேனில் எனக்கு இடமில்லை. முதலில் வந்த அழுகை ஏர்போர்ட்டைப் பார்க்க முடியாததற்கு. அசிங்கம்.

ஆப்பில் மஞ்சள் புள்ளி. அதற்குள் அக்கா. கடலுக்கு மேலே புள்ளி காணாமல் போனது. அங்கே சிக்னல் விடுபடும், அவ்வளவுதான். நானே வீடியோ போட்டிருக்கிறேன். ஆனாலும் ஆப்பை மூடி மூடித் திறந்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். ஒரு மண்ணும் ஆகவில்லை. இதைத்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

புள்ளி திரும்ப வந்தது. இறங்கிவிட்டது.

கமெண்ட்: "சிஸ், அடுத்த வீடியோ எப்ப?" போடா.

ஜூலை 18, வெள்ளி

வெயில். உடுப்பு துவைக்கும்போது அக்கா கூப்பிட்டாள். வேலை செய்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்களாம். கிசுகிசுவென்று பேசினாள்.

"ப்ளேன் எப்படிக்கா?"

"ஒண்ணுமில்லடி. பஸ் அளவுக்குக்கூடக் குலுங்கல."

"பட்டன அமுக்குனியா?"

"அமுக்குனா பயந்துட்டேன்னு எறக்கி விட்டுருவாங்கன்னு நெனச்சேன். கைய மடியிலயே வச்சிருந்தேன். தண்ணி கூடக் கேக்கல."

பின்னால் ஒரு பொம்பளையின் கத்தல். அரபி.

"அக்கா?"

"இப்ப அமுக்கணும் போல இருக்குடி. இங்க பட்டன் இல்ல."

கட்.

லயத்துக்கு மேலே ஒரு ப்ளேன் போகிறது. எது என்று பார்க்கவில்லை.