அரிசிச் சாடி எங்கே இருந்தது?

மார்ச் 6, 1922

அமெரிக்காவுக்குள் விடுமுன் எங்களை அடைத்து வைத்திருக்கும் தீவில் பத்தொன்பதாம் நாள். ஜன்னலில் கம்பி வலை, அப்பால் கடல், அதற்கும் அப்பால் சான் பிரான்சிஸ்கோ. இன்று இரண்டு மணி நேரம் விசாரணை. ஊர்வீட்டு வாசல் எந்தத் திசை? கிணறு எத்தனை அடி தள்ளி? அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் டாங் சீனத்தில் சொல்ல, ஒரு வெள்ளைக்காரப் பெண் தட்டச்சு செய்கிறாள். நான் செக் வாவின் மனைவிதானா என்று கண்டுபிடிக்க இத்தனை பாடு. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அவரையும் தனியாக அழைத்து இதே கேள்விகள் கேட்டார்களாம். நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது மூன்றே மாதம். அதுவும் நான்கு வருடத்துக்கு முன்னால்.

மார்ச் 7

இன்றும் அதே குழம்பு. பன்றிக்கு வைத்தால் அதுவும் மேல்முறையீடு செய்யும்.

மார்ச் 9

பக்கத்துக் கட்டில் கம் ஹோவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வியாபாரி ஒருவரின் மகள் என்று பொய்க் காகிதத்தில் வந்தவள். அந்த அப்பாவை அவள் கண்ணால் கண்டதில்லை. அறுபது பக்கக் கேள்வி பதிலைக் கப்பலிலேயே நெட்டுரு போட்டு, தாள்களைக் கடலில் வீசிவிட்டாள். விசாரணையில் ஒரு தப்பு இல்லை. மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள்: “அக்கா, நீங்க நெஜத்த நம்பி வந்தீங்க பாருங்க, அங்கதான் கோட்ட விட்டீங்க. நெஜத்த யாரு மனப்பாடம் பண்ணுவா?”

இதையெல்லாம் எழுதி வைக்கலாமா? டாங்கைத் தவிர அதிகாரிகள் பக்கம் யாருக்கு நம் எழுத்து தெரியும்?

மார்ச் 14

எனக்கு அனுமதி இல்லை. காரணம் அரிசிச் சாடி.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் என்றேன் நான். உள்ளறையில் என்றாராம் அவர். மூன்று மாதத்தில் ஒருநாளாவது அடுப்படிக்குள் கால் வைத்தாரா? தெரியாது என்று சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா?

மார்ச் 22

செக் வா அமர்த்திய வக்கீல் மறுவிசாரணை வாங்கிவிட்டார். சமையல்காரர் ஒரு கொழுக்கட்டையை மட்டும் என் தட்டில் அழுத்தி வைத்தார். உள்ளே சீட்டு, செக் வாவின் கையெழுத்து: “உள்ளறை என்றே சொல். என்னைப் பொய்யன் ஆக்காதே.”

அவர் பொய்யன் ஆகக் கூடாது, நான் ஆகலாம். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த? தூங்கினியா? ஒண்ணும் கெடையாது.

ஆனால் திருப்பி அனுப்பினால் எங்கே போவேன்? மாமனார் வீட்டில் என் அறையை மைத்துனருக்குக் கொடுத்தாயிற்று.

மார்ச் 27

உள்ளறை என்று சொல்லத்தான் போனேன். நாக்கு எழவில்லை.

“கதவுக்குப் பின்னாலதான். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்த அதிகாரி ஐயாவ கேளுங்க, அவங்க வீட்ல மாவு எங்க இருக்குன்னு.”

டாங் என்னைப் பார்த்தார். “இத நான் சொல்லணுமா?”

“சொல்லுங்க.”

சொன்னார். தட்டச்சு நின்றது. அந்தப் பெண் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அதிகாரி கூரையைப் பார்த்து யோசித்தார் — உண்மையாகவே யோசித்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 3

அனுமதி.

“‘கணவருக்கு வீட்டு விவரம் போதாது’ன்னு அதிகாரி எழுதியிருக்காரும்மா,” என்றார் டாங். நான் வீட்டில் சொன்னால் வாயாடி. அவர்கள் சொன்னால் முத்திரை குத்திய ஆவணம்.

ஜூன் 18, சான் பிரான்சிஸ்கோ

தன் சாமர்த்தியத்தால்தான் நான் கரையேறினேன் என்று செக் வா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இன்று ஞாயிறு. மனைவியை வரவழைக்கக் காத்திருக்கும் ஐந்து பேர் யோசனை கேட்டு வந்துவிட்டார்கள்.

“அண்ணே, மொதல்ல என்ன கேப்பாங்க?” என்றார் சலவைக்கடை லூயி.

செக் வா தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “ஒங்க வீட்டுப் பின்கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?” லூயி விழித்தார். பக்கத்தில் இருந்தவரும் விழித்தார். மனைவியிடம் எழுதிக் கேட்கச் சொல்லி முப்பது கேள்விகள் கொடுத்தேன். ஐவரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

தேநீரைச் செக் வாதான் ஊற்றிக் கொடுத்தார்.