ஈசானியத்துக்கு ஏறாத தண்ணீர்

கடலூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் எழிலனுக்கு அம்மா எழுதுவது. கனடா குளிரில் நீயும் மருமகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. போனில் சொல்ல வந்தால் மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

அடுப்படி சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது என்று ஆடி மாதத்திலிருந்து சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ கேட்டது ஒன்றுதான், கஞ்சிய அதுல ஊத்துனியா, மீன் செதிளப் போட்டியா. தேவனாம்பட்டினத்து மீனை நான் என்றைக்கு வீட்டுக்குள் கழுவினேன், கொல்லைக் குழாயடியில்தானே. இருந்தாலும் உன் பேச்சைக் கேட்டு, சோறு வடிப்பதை விட்டுவிட்டுக் குக்கர் சோறு தின்றேன். அது என் தொண்டையிலும் இறங்கவில்லை, சிங்க்கில் தண்ணீரும் இறங்கவில்லை. சிங்க்குக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினேன், சோடா உப்பு போட்டு வெந்நீர் ஊற்றினேன், கடையில் விற்கிற பொடியையும் போட்டேன். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி எச்சில் தண்ணீர் மேலே வந்து நிற்கும். அதற்குள் நீயும் சிதம்பரத்தில் இருக்கிற உன் அக்கா தமிழ்ச்செல்வியும் பேசி முடிவே எடுத்துவிட்டீர்கள். அம்மாவுக்கு வயசாயிடுச்சி, சிங்க்ல எதப் போடறதுன்னுகூட தெரியல, வீட்ட வாடகைக்கு வுட்டுட்டு சிதம்பரத்துக்கே வந்துடட்டும் என்று. எனக்காக ஒரு அறையைக்கூட அவள் ஒழித்து வைத்துவிட்டாளாம். நான் என்ன பழைய பீரோவா, இங்கிருந்து தூக்கி அங்கே வைக்க?

போன வாரம் நல்ல மழை. கொல்லைக் கதவில் நின்று பார்த்தேன், தண்ணீரெல்லாம் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெற்கே தெருப் பக்கம்தான் ஓடுகிறது. சின்ன வயதில் நீ காகிதக் கப்பல் விட்டதும் அந்தப் பக்கம்தான். உன் அப்பா போட்ட பழைய குழாயும் அப்படித்தான் போனது. போன வருஷம் லீவில் வந்து அடுப்படியைப் புதுசாக்கினாயே, அப்போது யாரோ வாஸ்துக்காரர் வீடியோவில் சொன்னார் என்று, கழிவுத் தண்ணி ஈசானிய மூலைலதான் போவணும், அப்பதான் வீட்ல காசு நிக்கும் என்று குழாயை வடகிழக்கே திருப்பிவிட்டாய். அந்தப் பக்கம் மேடு, எழிலா. காசு நின்றதோ இல்லையோ, தண்ணீர் நின்றுவிட்டது.

மறுநாளே கொத்தனார் கலியமூர்த்தியைக் கூப்பிட்டுத் தரையை உடைத்தேன். மேலே ஏற முடியாத தண்ணீர் குழாய் முழுக்கத் தேங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேறாகிக் கிடந்தது. இப்போது குழாய் தெற்கே சரிவாகப் போகிறது. வேண்டுமென்றே ஒரு சட்டி வடிகஞ்சியை ஊற்றிப் பார்த்தேன், கடகடவென்று இறங்கிவிட்டது.

குழாயைத் தப்பாகப் போட்டதற்கு எனக்குக் கோபமில்லை, யாருக்கும் நடக்கிறதுதான். தப்பு எங்கே என்று பார்க்காமலே அம்மாதான் என்று முடிவு கட்டினாயே, அதுதான் தாங்கவில்லை. என் வீட்டை விட்டு நான் போவதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தால் அழுகையாக வருகிறது, அதைவிடக் கோபம் ஜாஸ்தியாக வருகிறது.

திருவந்திபுரத்துப் பெருமாள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அம்மா சிதம்பரத்துக்கு வரமாட்டாள், தப்பு என்மேல்தான் என்று அக்காவுக்கு நீயே உன் வாயால் சொல். சொன்னாய் என்று அவள் எனக்குச் சொல்லட்டும். அதுவரை உன் போன் அடித்தால் நான் எடுக்கப் போவதில்லை.

கடலூர் வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா
புஷ்பவள்ளி