விலா வலியைப் பெரியம்மாவிடம் மட்டும்தான் சொல்வாயா?

அம்மா,

வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. பாத்திரத்தைத் தூக்காதே, கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொள். எதிர்வீட்டுத் தையல் பெரியம்மா வருவார். கதவைத் திறக்க நீ எழுந்திருக்க வேண்டாம்; சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

கொடுக்க மனமே வரவில்லை. நேற்று மாடிப்படியில் நீ அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கேன்சர் போயிடுச்சுன்னாங்க. ஆனா மார்புல ரேடியேஷன் கரண்ட் வச்ச பக்கம் விலா இன்னும் குத்துதுக்கா. இருமினா உயிரே போகுது."

அன்று காலையில்தான் நான் கேட்டதற்கு, "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாய். அதை நம்பி நாட்குறிப்பில் வேறு எழுதினேன்.

பொறாமைதான் அம்மா. கவலை என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. உன் வலி முதலில் அவருக்குத் தெரிகிறது.

போன முறை நீ வலி என்றதும் நான் அழுதேன். நீதான் என்னைத் தேற்றினாய். அதனால்தானே மறைக்கிறாய்?

பி.கு: நாளை டாக்டரிடம் பெரியம்மா வர வேண்டாம். நான் வருகிறேன், வேலையில் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று: விலாவைப் பற்றி அங்கே முழுதாகச் சொல். நான் அழ ஆரம்பித்தால் என் பக்கம் திரும்பாதே, டாக்டரைப் பார்த்துச் சொல்லி முடி.