உப்புத்தாள்

இன்று காலை பத்தரை மணிக்கு நான் அடுக்களை அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பாசத்தால் அல்ல, பசையால். கதவில் உரிந்து தொங்கிய தேக்குத் தாளை, அதுதான் உம்ம ஆசாரி பாஷையில் வெனீர் என்று சொல்வீரே, அதைத் திரும்ப ஒட்டினேன். நான்கு மூலையையும் பிடிக்க எனக்கு இரண்டு கைதானே இருக்கிறது? நடுவில் நெஞ்சைக் கொடுத்து அழுத்தினேன். கால் மணி நேரம் அசையக் கூடாது என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் சொல்பேச்சு கேட்கிறவன், அசையவில்லை. ஓரத்தில் பிதுங்கிய பசை பனியனைப் பிடித்துக்கொண்டது.

மகள் முதலில் போனில் படம் எடுத்தாள். பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள். "எம்மா, இங்கன வந்து பாரேன். அப்பா அலமாரியோட ஐக்கியமாயிட்டாவ."

என் மனைவி கத்திரிக்கோலோடு வந்தாள். "இத்தன வருசத்துல என்னைய ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சிருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே பனியனை வெட்டி என்னை விடுவித்தாள். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று கதவிலேயே தங்கிவிட்டது. நான் விலகிய அரை நிமிடத்தில் தாளும் பனியன் துண்டோடு சேர்ந்து கீழே சாய்ந்தது.

நீர் இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பீர். அந்த வெள்ளைப் பசையின் புளித்த நெடி அடுக்களை முழுக்க நிற்கிறது. அது உம்ம சட்டையின் நெடி. நாசரேத் பஸ்ஸில் நீர் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் தானாக ஜன்னலைத் திறப்பார் என்று நீரே சொல்வீர்.

இத்தனை நாள் விட்டுவிட்டு இன்றைக்கு என்ன அவசரம் என்று கேட்பீர். உம்ம வீட்டம்மா நாலு மணிக்கு வருகிறார். நீர் கண்ணை மூடியபிறகு எங்கள் வீட்டுக்கு முதல் தடவை. "அவிய வந்து இந்தக் கதவப் பாத்தா மனசு சங்கடப்படும்லா. அவரு கைவேலையாச்சே" என்று என் மனைவி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளோ, "எல்லாத்தையும் பிடுங்கிட்டு புதுசா மாடுலர் போட்டுரலாம்பா" என்கிறாள். நான் இரண்டுக்கும் நடுவில், ஒரு இடத்தில் உட்கார முடியாமல், கடிகாரத்துக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

முத்தையாபுரத்தில் இந்த வீட்டைக் கட்டிய வருடம் உமக்கு நினைவிருக்கும். அடுக்களைக் கதவுகளுக்குத் தேக்குத் தாள்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீர் நான்கு கதவையும் ஹாலில் படுக்கப்போட்டு, பசை தடவி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினீர். அன்று சாயங்காலமே ஊரில் அசனம் என்று கிளம்பினீர். கோயில் பந்தியில் நீர் சாம்பார் வாளி தூக்காவிட்டால் சபையே பட்டினி கிடக்கும் என்பதுபோல ஒரு பரபரப்பு.

"வே, நல்லாக் கேட்டுக்கிடும். பேப்பரை விரிச்சு அதுக்கு மேல காஞ்ச செங்கல்ல நெருக்கி அடுக்கும். நான் வார வரைக்கும் தொடக் கூடாது."

"சரி வே, நீரு போயி சோறு விளம்பும்."

சரி என்று சொன்னேனே தவிர மனம் ஒப்பவில்லை. எடைமேடையில் உட்கார்ந்து உப்பு லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவன் நான். எடையைப் பற்றி ஒரு ஆசாரி எனக்குச் சொல்வதா என்று ஒரு வீம்பு. செங்கல் மேடு பள்ளமாக இருக்கும், மூட்டை என்றால் பரந்து படுக்கும், எல்லா மூலையிலும் ஒரே பாரம். வேலை செய்யும் குடோனில் சொல்லிவிட்டு நான்கு மூட்டை உப்பை ஸ்கூட்டரில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து, கதவுக்கு ஒன்றாகக் கிடத்தினேன். மனைவி அப்போது பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். என் புத்திசாலித்தனத்தைப் பார்க்க ஒருவரும் இல்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

அது ஐப்பசி. ஐப்பசியில் உப்பு வியர்க்கும் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று அது உப்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. என் கண்ணுக்கு அது வெறும் எடை.

மூன்றாம் நாள் மூட்டையைத் தூக்கினால் காகிதம் கூழாகக் கிடக்கிறது. அவசர அவசரமாகத் துண்டால் துடைத்து, ஃபேனைப் போட்டு, மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நீர் வந்து கதவைத் தடவிப் பார்த்தீர்.

"என்ன வே, ஓரமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? செங்கல்லுதான வச்சீரு?"

"செங்கல்தான் வே."

ஆறு மாதத்தில் கீழ்க்கதவு கொப்புளம் போட்டது. எதிர்வீட்டு அண்ணாச்சி ஒருநாள் வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். தன் வீட்டு அடுக்களையை உம்மிடம் தருவதாகச் சொல்லியிருந்தவர், வேறு ஆளைக் கூப்பிட்டார். அவரைப் பார்த்து அடுத்த வீடும் கூப்பிட்டது. எங்கள் தெருவில் அதற்குப்பிறகு உமக்கு ஒரு வேலையும் வரவில்லை. நீர் அதை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கொப்புளத்தைப் பார்க்க நீர் வந்தது எனக்கு இன்றைக்குப்போல இருக்கிறது. கத்தி நுனியால் தாளைக் கொஞ்சம் தூக்கினீர். உள்ளே விரலை விட்டீர். பிறகு விரலை வாயில் வைத்தீர். கத்தி பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர். அதன்பின் என் மனைவி பக்கம் திரும்பி, "கடக்காத்து பொல்லாதது தங்கச்சி. நான் இன்னும் ரெண்டு நாளு காய விட்டிருக்கணும்" என்றீர். தப்பித்தேன் என்று நான் காப்பி குடித்தேன்.

இன்று பனியன் கூத்து முடிந்தபிறகு முறையாகச் செய்வோம் என்று கதவைக் கழற்றினேன். துருப்பிடித்த திருகாணிகளோடு மகளும் நானும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தின் மேல் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டி, முழுவதையும் உரித்தேன். உள்ளே பலகை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய பசை என்றுதான் நினைத்தேன். ஏனோ விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

வே, நீர் அன்றைக்கே தெரிந்துகொண்டீரா?

மரம் தேய்க்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று யார் பெயர் வைத்தாரோ, அதை வைத்துத்தான் அந்த உப்பைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வந்தது. "போதும்பா, பலகையே தீந்துரும்" என்று மகள் கையைப் பிடித்தாள். பிறகு பசை தடவி, தாளை ஒட்டி, பேப்பர் விரித்து, பின்கட்டில் கிடந்த காய்ந்த செங்கல்லை நெருக்கி அடுக்கினேன், நீர் சொன்னபடி. அப்போது மணி மூன்றரை. கதவை ஒளிக்க வழியில்லை. அடுக்களைத் தரையில் நடுநாயகமாகக் கிடந்தது.

உம்ம வீட்டம்மா மஸ்கோத் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். மெலிந்திருக்கிறார். நேரே அடுக்களைக்குத்தான் போனார். கதவின் பக்கத்தில் குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டார்.

"அவரு கடைசி வரைக்கும் இதத்தான் சொல்லுவாரு தம்பி. 'தம்பி செங்கல்ல ஒழுங்காத்தான் வச்சாரு, நான்தான் எங்கயோ தப்பு விட்டுட்டேன்'னு. 'நான் தோத்த வேல அது ஒண்ணுதான்'ம்பாரு."

என் மனைவி கண்ணைத் துடைத்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடக்காத்து மைனி" என்றேன். உம்ம பொய்யையும் எடுத்து எனக்குப் போட்டுக்கொண்டேன். "காப்பி ஆறுது, குடிங்க" என்றும் சொன்னேன்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நடுவில் நாலு தடவை எழுந்துபோய்ச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பஸ் நகரும்போது ஜன்னலோரம் ஓடினேன். அவர் தலையை வெளியே நீட்டி, "என்ன தம்பி?" என்றார். வாயில் வந்து நின்றதைச் சொல்லிவிட்டேன்:

அன்னைக்கு வச்சது செங்கல் இல்ல மைனி. உப்பு.